மலைப்பாதைக்கு ஏற்ற எஞ்சின்

மலைநாட்டிலிருந்து ஏதேனும் எழுதியனுப்புமாறு மலர்க் குழுவினர் கேட்டிருந்தார்கள். தேயிலையைப் பற்றியும் தோட்டப் பாடசாலைகளைப் பற்றியும் எழுதுவதற்கு என்னிலும் தகுதியுடையோர் நம் பழைய மாணவருள் பலர் உளர். கடந்த ஓராண்டுக்கு மேலாக என் சிந்தையைப் பிடித்திருந்ததோ ஒரு பழைய மோட்டார் வண்டிக்கு மாற்று எஞ்சின் தேடும் வேலை. கல்லூரி மலரில் எஞ்சினுக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். பௌதிக வகுப்பில் நெம்புகோலையும் பற்சில்லையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் பரீட்சை முடிந்ததும் மறந்தவர்கள் நம்முள் எத்தனை பேர் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். மறந்ததை மீட்டுக்கொள்ள இஃது ஒரு வாய்ப்பாக இருக்கட்டும்.

வண்டி 1954ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். முன்கண்ணாடி நடுவே பிளந்து இரு துண்டாக நிற்கும் பழைய வகை. ஹற்றனுக்கும் பொகவந்தலாவைக்கும் இடையே, நோர்வூட்டை அடுத்த ஒரு தோட்டத்தில் டிஸ்பென்சராகக் கடமையாற்றிய எம் தந்தையார், சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து அதனை வாங்கினார். அதன் இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துக்களே இன்றும் உள்ளன. வாகன இலக்கங்களில் ஸ்ரீ எழுத்துப் புகுந்ததும், அதை எதிர்த்து நம் பகுதிகளில் கிளர்ச்சி எழுந்ததும் 1957, 1958ஆம் ஆண்டுகளில் நடந்தவை; இவ்வண்டி அவற்றுக்கு மூத்தது.

லயத்து மக்களுக்கு அது 'மருந்தையா கார்'. பேறுகால வேதனையில் துடிக்கும் பெண்ணை இரவு வேளையில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல அக்காலத்தில் அத்தோட்டத்தில் கொழுந்து லொறியை விட்டால் வேறு வாகனம் கிடையாது. இன்று அந்த ஆஸ்பத்திரிக்கு இந்திய உதவியுடன் கட்டப்பெற்று 2017இல் திறக்கப்பட்ட பெரிய கட்டடம் இருக்கிறது. லயத்துக்கு லயம் முச்சக்கர வண்டியும் நிற்கிறது. அன்று அந்த ஒரு வண்டிதான். ஆஸ்பத்திரி வாசலை எட்டுமுன்னரே அதன் பின்னாசனத்தில் பிறந்துவிட்ட ஒருவர், கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்று, இன்றும் அங்கேயே வாழ்கிறார். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களுள் நடக்கமாட்டாத முதியவர்களை ஹற்றன் புகையிரத நிலையம்வரை கொண்டுபோய் விட்டதும் அதே வண்டிதான். அங்கிருந்து தலைமன்னார், பின் கப்பல். அவ்வாறு ஏறிச் சென்றவர்கள் எழுதிய கடிதங்கள் சில எம் தந்தையாரின் பெட்டியில் இன்றும் உள்ளன. காரை விசாரித்து எழுதியவர்களும் அவர்களுள் உண்டு.

இந்த வண்டியின் எஞ்சின்தான் சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டில், வட்டவளையைக் கடந்து ஹற்றனை நோக்கி ஏறுகையில், ஒரேயடியாக நின்றுபோயிற்று. ஹற்றனில் எங்கள் வண்டியை நெடுங்காலமாகப் பார்த்துவரும் பாஸ் மேல்தலையைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த பிளாக்கு இனி தேறாதுங்க ஐயா. முன்னமே மூணு தரம் போர் அடிச்சிருக்கு. இன்னொரு தரம் அடிச்சா எண்ணெய்க்குப் பதிலா தண்ணிதான் வரும்."

இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த அறுபதுகளிலும் எழுபதுகளிலும் புதிய பாகம் எதுவும் எளிதில் கிடைக்காத நிலையில், தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்திப் பெரிய பிஸ்டன் போடுவதே வழியாயிருந்தது. அவ்வாறு கடைந்து கடைந்து சுவர் மெலிந்து, இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதற்கும் இடையில் வெடித்து, வெடிப்பு தண்ணீர்ப் பாதைவரை ஓடியிருந்தது. சிலீவ் போடலாமா என்று கேட்டேன். வெடித்த சுவருக்குள் சிலீவ் நிற்காது என்று பாஸ் தலையசைத்தார்.

மாற்று எஞ்சின் என்றவுடன் என் நண்பர்கள் இரு கட்சியாகப் பிரிந்தார்கள். பழைமை பேணுவோர், எந்த எஞ்சினோடு பிறந்ததோ அதே எஞ்சின்தான் வேண்டும், அல்லாவிடின் அது மொறிஸ் மைனரே அன்று என்றனர். மற்றக் கட்சியினர், யப்பான் எஞ்சின் ஒன்றைப் போட்டுவிட்டுக் கவலையின்றி ஓடலாமே என்றனர். முதற் கட்சியினர்க்கு விடை சொல்ல, அவ்வண்டி பிறந்த கதையே போதும்.

மொறிஸ் மைனர் உலகுக்குக் காட்டப்பட்டது 1948ஆம் ஆண்டு ஒக்டோபரில், இலண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில். நம் நாடு சுதந்திரமடைந்ததும் அதே 1948. தோட்டத் தொழிலாளர் பெரும்பாலோரைக் குடியுரிமைக்குப் புறம்பாக்கிய சட்டம் நிறைவேறியதும் அதே 1948. வண்டியை வரைந்த அலெக் இசிகோனிஸ், அதற்கெனத் தட்டையாகப் படுத்திருக்கும் நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை எண்ணியிருந்தார். அதற்காகவே எஞ்சின் அறையை அகலமாக அமைத்தார். உற்பத்திக்கு வருமுன் மாதிரி வண்டியை நடுவே நீளவாட்டில் அறுத்து நான்கு அங்குலம் அகலப்படுத்திய கதையும் உண்டு. அதனாலேயே தொடக்க வண்டிகளின் பம்பரில் நடுவே ஓர் ஒட்டுத்துண்டு காணப்பட்டது. ஆனால் அவர் விரும்பிய எஞ்சின் அவருக்குக் கிடைக்கவில்லை. மொறிஸ் எட்டு என்னும் பழைய வண்டியின் 918 சி.சி. எஞ்சினையே எடுத்துப் பொருத்தினார்கள். கம்பனியின் அதிபரான நபீல்ட் பிரபுவுக்கு வண்டியின் தோற்றமே பிடிக்கவில்லை. ஓடு நீக்கி வேகவைத்த முட்டையைப் போலிருக்கிறது என்றாராம்.

1952இல் மொறிஸும் அதன் நெடுநாட் போட்டியாளரான ஒஸ்ரினும் ஒன்றிணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கூட்டுத்தாபனம் ஆயின. உடனே பகைவன் வீட்டு எஞ்சின், அதாவது ஒஸ்ரின் ஏ30 வண்டிக்காக 1951இல் வெளிவந்த 803 சி.சி. எஞ்சின், மைனருக்குள் புகுந்தது. எம் தந்தையாரின் வண்டியில் இருந்ததும் அதுவே. 1956இல் அது 948 ஆக வளர்ந்தது; 1962இல் 1098. இவை யாவும் ஏ வரிசை எனப்படும் ஒரே குடும்பம். மைனரின் உற்பத்தி 1971இல் நின்றுபோன பின்னரும், இக்குடும்பத்து எஞ்சின்கள் மினி வண்டிகளுக்காக 2000ஆம் ஆண்டுவரை வார்க்கப்பட்டன. ஆக, மொறிஸ் மைனருக்குப் 'பிறந்த எஞ்சின்' என்று ஒன்று இருந்ததேயில்லை. முதல் நாளிலிருந்தே அது மாற்று எஞ்சினில் ஓடிய வண்டி. வராத எஞ்சினுக்கென்று விடப்பட்ட அந்த அகன்ற அறைதான், பிற்காலத்தில் உலகெங்கும் வெவ்வேறு எஞ்சின்களை அதற்குள் இறக்குவோர்க்கு வசதியாயிற்று.

நிற்க. இரண்டாம் கட்சியினர்க்கு விடை சொல்வது அத்துணை எளிதன்று. அதற்கு மலையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும்.

ஹற்றன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,100 அடி உயரத்தில் உள்ளது. நுவரெலியா 6,200 அடி. ஆயிரம் அடி ஏறுந்தோறும் எஞ்சின் தன் வலுவில் நூற்றுக்கு மூன்று பங்கை இழக்கும் என்பது பொதுக் கணக்கு. ஏனெனில் காற்று மெலிகிறது; பெற்றோல் எரிவதற்கு வேண்டிய பிராணவாயு குறைகிறது. கொழும்பில் 30 பரிவலு தரும் எஞ்சின் நுவரெலியாவில் 25 தந்தால் பெரிது. அதுவன்றி, அங்கே தண்ணீர் 100 பாகையில் அன்று, 94 பாகை சென்ரிகிரேட்டிலேயே கொதித்துவிடும். தொடக்க மைனர்களில் தண்ணீர்ப் பம்பு கிடையாது. சூடேறிய நீர் தானே மேலெழுந்து றேடியேற்றருக்குள் சென்று ஆறித் திரும்பவேண்டும். இறம்பொடை வளைவுகளில் மூடியைத் திறந்துவைத்து ஆவி பறக்க நின்ற அக்கால வண்டிகளை மூத்த பழைய மாணவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இந்நிலையில் பெரிய எஞ்சினே வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. அண்ணாவுக்கும் அவ்வாறே தோன்றிற்று. ஆனால் மலையில் வண்டியை ஏற்றுவது எஞ்சின் மட்டுமன்று. எஞ்சினும் கியர்ப் பெட்டியும் பின்னச்சும் சேர்ந்தே ஏற்றுகின்றன. பௌதிக வகுப்புக்கு இங்கேதான் வேலை வருகிறது.

எங்கள் பழைய 803 எஞ்சினின் சுழற்றும் வலிமை சுமார் 40 இறாத்தல்-அடி. முதற் கியரில் 4.09, பின்னச்சில் 5.375. இரண்டையும் பெருக்கினால் 22. அதாவது, பின்சில்லு ஒருமுறை சுற்ற எஞ்சின் இருபத்திரண்டு முறை சுற்றுகிறது. சுழற்றும் வலிமையும் இருபத்திரண்டு மடங்காகிச் சில்லை அடைகிறது. இனி அடுத்து வந்த 948ஐப் பாருங்கள். வலிமை 50 இறாத்தல்-அடி. கால் பங்கு கூடுதல். ஆனால் உற்பத்தியாளர் அதனோடு முதற் கியரை 3.628 ஆகவும் பின்னச்சை 4.555 ஆகவும் மாற்றிவிட்டனர், பெருக்கம் 16.5தான். 40ஐ 22ஆல் பெருக்கினால் 880, 50ஐ 16.5ஆல் பெருக்கினால் 825. பெரிய எஞ்சின் பூட்டிய புதிய வண்டி, முதற் கியரில், சின்ன எஞ்சின் பூட்டிய பழைய வண்டியிலும் பார்க்கக் குறைவாகவே இழுக்கிறது! 1098 வந்தபோது வலிமை 60, பின்னச்சு 4.22, அப்போதுதான் பெருக்கற்பேறு பழையதைச் சற்றே தாண்டி 919ஐ எட்டிற்று. மூன்றாம் கியரில் அதுவும் பழைய வண்டிக்குச் சமமே அன்றி மேலன்று.

இங்கிலாந்துக்காரர் இதைப் பிழையாகச் செய்யவில்லை. அவர்களுக்குச் சமநிலத்தில் விரைவாக ஓடும் வண்டி வேண்டியிருந்தது, கொடுத்தார்கள். ஆனால், தொழிற்சாலைச் சந்தியிலிருந்து மேல்லயம்வரை கல்லுப் பாதையில் நான்கு பேரோடு ஏறவேண்டிய வண்டிக்கு, எது பெரிய எஞ்சின் என்ற கேள்வியே பொருத்தமற்றது. எந்த எஞ்சின் எந்தப் பின்னச்சோடு, என்று கேட்கவேண்டும். நுவரெலியாவில் வசந்த காலத்தில் நடைபெறும் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1930களில் தொடங்கியது. அதில் ஓடுவோர் எவரைக் கேட்டாலும் எஞ்சினுக்கு அடுத்தபடி கியரைப் பற்றித்தான் பேசுவார்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி பாஸிடம் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. "பின்னச்சைத் தொடாதீங்க. அது இருக்கிற வரைக்கும் கார் ஏறும்" என்றார். நான் பெருக்கிக் கண்டதை அவர் காலால் கிளச்சை மிதித்தே கண்டிருக்கிறார்.

பிறகு தேடல். கொழும்பில் பஞ்சிகாவத்தையை அறியாதார் இலர். ஊசிமுனை முதல் உடல்வரை வண்டியின் எந்தப் பாகமும் அங்கே குவிந்து கிடக்கும். கண்ணும் பொறுமையும் வேண்டும். ஒரு கடையில், அசல் மொறிஸ் எஞ்சின் என்று நல்ல நிலையிலிருந்த ஒன்றைக் காட்டினார்கள். ஏ வரிசைதான், 998 சி.சி. பாஸ் குனிந்து பின்புறத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அது மினியின் எஞ்சின். மினியில் எஞ்சின் குறுக்காகக் கிடக்கும். கியர்ப் பெட்டி அதன் அடியில், ஒரே எண்ணெயில் குளித்துக்கொண்டிருக்கும். தலையும் பிஸ்டனும் உறவாயினும், கிளச்சும் கியரும் சேருமிடம் முற்றிலும் வேறு. நெடுக்காக நிற்கும் மைனருக்குள் அதை அப்படியே இறக்க முடியாது. கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யும் அன்று: 1959இல் மினி வெளிவந்தபோது அதன் ஒரு வகைக்கு 'மொறிஸ் மினி மைனர்' என்றே பெயர். பெயரில் மூன்றில் இரண்டு பங்கு பொருந்திற்று! வாங்காமல் திரும்பினோம்.

எழுபதுகளில் வந்த மொறிஸ் மரீனாவின் 1275 எஞ்சின் நெடுக்காக நிற்பது, ஆதலால் பொருந்தக்கூடியது. ஆனால் எங்கள் தேடலில் அஃது ஒன்றும் அகப்படவில்லை. டீசல் எஞ்சின் பூட்டிய மைனர்களையும் மலைநாட்டில் கண்டிருக்கிறேன். அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. மைனரின் முன்பாகத்தைத் தாங்குவது முறுக்குக் கம்பிகள். டீசலின் பாரத்தில் அவை தாழ்ந்து, வண்டி மூக்கால் நிலத்தை முகர்ந்துகொண்டு போகிறது.

எஞ்சியது டட்சன். இதற்குரிய மரியாதையைக் கொடுக்கவேண்டும். 1977இன் பின் இறக்குமதி தளர்ந்தபோது யப்பான் வண்டிகள் இந்நாட்டில் வெள்ளமெனப் புகுந்தன. டட்சன் 1200இன் 1171 சி.சி. எஞ்சின், இங்கும் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளிலும் மொறிஸ் மைனருக்குள் இறக்கப்பட்டு நன்றாக ஓடியிருக்கிறது. கிராங் தண்டை ஏ வரிசை மூன்று பெயாரிங்குகளில் தாங்க, டட்சன் ஐந்தில் தாங்குகிறது, தலை அலுமினியம், பாரம் குறைவு. அந்தக் கம்பனி 1952இல் ஒஸ்ரினோடு உடன்படிக்கை செய்து, ஒஸ்ரின் வண்டிகளை யப்பானில் கட்டித் தொழில் பயின்றது. மாணவன் ஆசிரியரை விஞ்சியதற்கு நல்ல உதாரணம். நம் கல்லூரி ஆசிரியர்கள் இதைக் கேட்டு மகிழ்வார்களேயன்றி வருந்தமாட்டார்கள்.

என் தமையனார் டட்சன் பக்கமே நின்றார். ஓய்வுபெற்று ஹற்றனில் வசிக்கும் அவருக்குத்தான் வண்டி வேண்டியிருந்தது. எழுபத்தைந்து வயதில் பாதையோரத்தில் நின்று பொனற்றைத் திறக்க அவருக்கு விருப்பமில்லை. "தம்பி, அப்பா இருந்திருந்தால் எது ஓடுமோ அதைத்தான் போட்டிருப்பார். அவருக்கு நோயாளி போய்ச் சேரவேணும், அவ்வளவுதான்" என்றார். இதற்கு என்னால் உடனே மறுமொழி சொல்ல முடியவில்லை. அவர் சொன்னது உண்மை. எம் தந்தையார் வண்டியை வண்டியாகவே நேசித்தவர். அதன் பழைமைக்காக அன்று.

பாஸிடம் டட்சனுக்கு என்னென்ன செய்யவேண்டும் என்று கேட்டோம். அதன் கியர்ப் பெட்டியையும் சேர்த்தே போடவேண்டும். அதற்காக அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தை வெட்டி மாற்றி ஒட்டவேண்டும். வலு இரு மடங்குக்கு மேலாகும். ஆனால் எங்கள் வண்டியின் முன்சில்லுப் பிறேக் ஏழு அங்குல உருளை. 1962இல் மைனருக்கு 48 பரிவலு எஞ்சின் வந்தபோதே உற்பத்தியாளர் முன்பிறேக்கை எட்டு அங்குலமாக்கினர். ஆகவே பிறேக்கையும் மாற்றவேண்டும். கினிகத்தேனைப் பக்கமாக இறங்கும்போது பிறேக்கைக் காட்டிலும் எஞ்சினும் கியருமே வண்டியைத் தடுத்து நிறுத்துகின்றன. பின்னச்சை உயர் விகிதமாக்கினால் அந்தத் தடுப்பும் குறையும். ஒன்றை மாற்றினால் நான்கை மாற்றவேண்டும். நான்கையும் செம்மையாகச் செய்தால் வண்டி நன்றாக ஓடும் என்பதில் எனக்கு ஐயமில்லை. செய்பவர்கள் பெரும்பாலும் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பதே அச்சம்.

இவற்றைவிட என்னைத் தடுத்தது அந்தக் குறுக்குச் சட்டந்தான். எஞ்சினை இறக்கலாம், மீண்டும் ஏற்றலாம். உடலை வெட்டிவிட்டால் அஃது உடல் வெட்டிய வண்டி. இதை அண்ணாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் தேநீர் குடித்தார். "மூன்று மாதம் தேடு. அதன்பிறகு டட்சன்" என்று தவணை கொடுத்தார்.

மூன்று மாதம் என்பது இக்காலத்தில் சிறிது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, சொந்தக் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில், உடைத்து விற்கவேண்டிய வண்டிகளையெல்லாம் மனிதர் திருத்தி ஓடத் தொடங்கிவிட்டனர். உடைப்போர் இல்லாவிடில் எஞ்சின் எங்கிருந்து வரும்? 2022இல் கார் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் எனப் பெற்றோல் பங்கிடப்பட்டபோது, சிக்கனமாக ஓடும் பழைய மைனரை வைத்திருந்தவர்கள் அதன்மீது புதிய மதிப்புக் கொண்டார்கள். வேடிக்கை என்னவெனில், 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்துவந்த சார்ல்ஸ் வெயார் என்பவர், இலங்கைத் தொழிலதிபர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து, மைனரின் உடற்றகடுகளை இந்நாட்டிலேயே கையால் அடித்துச் செய்வித்து அங்கே கொண்டுசென்றார். அன்று இங்கிலாந்தில் ஓடிய சில மைனர்களின் தகரம் நம் நாட்டுக் கைவினை. எஞ்சினை யாரும் இங்கே வார்க்கவில்லை. அதுதான் எங்கள் குறை.

எட்டாவது வாரத்தில், நாங்கள் விளம்பரமும் செய்யாமல், செய்தி வாய்வழியே போய்ச் சேர்ந்து, பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு வீட்டுப் பின்கொட்டிலில் மைனர் 1000 ஒன்று நிற்பதாகத் தெரியவந்தது. சென்று பார்த்தோம். உடல் துருப்பிடித்து, கதவைத் திறந்தால் கையோடு வரும் நிலை. எஞ்சினோ உலர்ந்த கொட்டிலில், எண்ணெய் வற்றாமல், கையால் சுழற்றினால் சுழலும் நிலையில் இருந்தது. அடையாள இலக்கம் 9எம் என்று தொடங்கிற்று, 948. கியர்ப் பெட்டியும் உடனிருந்தது. எல்லாவற்றிலும் மேலாக, அவ்வண்டியின் பதிவுப் புத்தகம் வீட்டுக்காரரின் அலுமாரியில் பத்திரமாக இருந்தது. எஞ்சின் இலக்கம் வண்டியின் பதிவில் எழுதப்பட்ட ஒன்று. அதை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து, எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்று காட்டிப் பதிவைத் திருத்தவேண்டும். எத்தனையோ நல்ல எஞ்சின்கள் இந்தச் சான்று இல்லாமையாலேயே பயனற்றுக் கிடக்கின்றன. பொருந்தும் எஞ்சின் என்றால் இரும்பில் பொருந்துவது பாதி. தாளில் பொருந்துவது மறுபாதி.

வீட்டுக்காரர் விலை அதிகம் கேட்கவில்லை. எந்த வண்டிக்கு என்று மட்டும் கேட்டார். நோர்வூட் மருந்தையாவின் வண்டிக்கு என்றதும், தம் தாயாரை அழைத்துவந்து காட்டினார். அம்மூதாட்டி எங்களைப் பார்த்து, "அந்த ரெண்டு கண்ணாடிக் காருங்களா?" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

இனி வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேல்தலையைக் கண்டியில் ஒரு லேத் பட்டறைக்கு அனுப்பிப் புகைபோகும் வால்வுகளுக்குக் கடின உலோக இருக்கைகள் பதித்தோம். ஈயம் கலந்த பெற்றோல் இந்நாட்டில் 2002இல் நின்றுபோயிற்று. ஈயமில்லாப் பெற்றோலில் பழைய இரும்பு இருக்கைகள் கடும் உழைப்பில் தேய்ந்துவிடும். அமுக்க விகிதம் 8.3, இப்போது விற்கும் 92 ஒக்டேன் பெற்றோல் அதற்குத் தாராளம். கியர்த் தடி பழைய வண்டியில் நீண்டு வளைந்தது. 948இல் குட்டையாய்ப் பின்தள்ளி நிற்பது. ஆதலால் தரையின் மேல்மூடியை மட்டும் கொட்டில் வண்டியிலிருந்து எடுத்து மாற்றினோம். திருகாணியால் பூட்டப்படும் மூடி அது, வெட்டு இல்லை. காபுரேற்றரின் அடியிலுள்ள நட்டை இரண்டு முகம் மேலே திருகிக் கலவையை மெலிதாக்கினார் பாஸ். மெலிந்த காற்றுக்கு மெலிந்த கலவை. பின்னச்சு அவர் சொன்னபடியே தொடப்படவில்லை.

பழைய பின்னச்சோடு 948இன் முதற் கியர் 19.5 ஆகிறது. 50ஐ அதனால் பெருக்கினால் 975. மூன்று மைனர்களுள் எதுவும் தொழிற்சாலையிலிருந்து இந்த இழுவையோடு வெளிவந்ததில்லை. மேல்லயத்துப் பாதையில் முன்பு முதற் கியரில் முனகிக்கொண்டு ஏறிய இடத்தை இப்போது இரண்டாம் கியரில் ஏறுகிறது. இறங்கும்போதும் பிடித்து நிற்கிறது. ஏழு அங்குலப் பிறேக் 37 பரிவலுவுக்குப் போதும்.

அண்ணாவுக்கு ஒரு முறைப்பாடு மட்டும் உண்டு, அதுவும் நியாயமானது. சமநிலத்தில் மணிக்கு 40 மைல் வேகத்திலேயே எஞ்சின் நிமிடத்துக்கு மூவாயிரம் முறைக்கு மேல் சுற்றி இரைகிறது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் ஏ9 வீதியால் 200 மைல். அதே வேகத்தில் ஐந்து மணி நேரம் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு வரவேண்டும். 4.555 பின்னச்சும் கொட்டில் வண்டியில் இருக்கிறது. அதையும் எடுத்து வைத்திருக்கிறோம். கீழ்நாட்டுப் பயணத்துக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாமே என்றார் அண்ணா. பாஸ் அவரைப் பார்த்த பார்வையை நான் எழுதமாட்டேன். விழாவுக்கு அந்த இரைச்சலோடேயே வருவதாக முடிவாகியிருக்கிறது; வவுனியாவுக்கு அப்பால் பாதையோரத்தில் பொனற் திறந்த ஒரு மைனரைக் கண்டால், பழைய மாணவர்கள் தயவுசெய்து நிறுத்துக.

வெடித்த 803 பிளாக் எங்கள் கொட்டிலில், கிரீஸ் பூசிச் சாக்கில் சுற்றி வைக்கப்பட்டுள்ளது. ஒஸ்ரின் ஏ30, 1952 முதல் 1956 வரையான மொறிஸ் மைனர் ஆகியவற்றின் நல்ல 803 பிளாக் ஒன்று, இதை வாசிக்கும் எவரது பழைய கராச்சிலேனும் கிடக்குமாயின், எனக்கு ஒரு வரி எழுதுமாறு வேண்டுகிறேன். அண்ணாவும் இம்மலரை வாசிப்பார் என்பது தெரிந்தே கேட்கிறேன். விலாசம் மலர்க் குழுவினரிடம் உண்டு.